புருவம் வைத்த விளக்கு

என் காருக்குப் புருவம் வைத்தவன் நானேதான். யாரும் வற்புறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊர் இளவட்டங்களைத் திட்டித் தீர்க்கும் நடுத்தர வயதுக்காரனின் புலம்பல் என்று நினைத்துவிடுவீர்கள். போன தீபாவளிக்கு முந்தைய வாரம், ராமநாதபுரத்தில் ஒரு கார் அலங்காரக் கடையில் மூன்று ஜோடிப் பொருள்கள் வாங்கினேன். முகப்பு விளக்கின் மேல் விளிம்பில் ஒட்டும் கறுப்புப் பிளாஸ்டிக் புருவம் ஒரு ஜோடி. விளக்கைச் சுற்றிப் பொருத்தும் குரோம் வளையம் ஒரு ஜோடி. கடைக்காரர் 'பால் வெள்ளை' என்று செல்லமாகச் சொன்ன எல்இடி பல்பு ஒரு ஜோடி. மொத்தம் 3,400 ரூபாய். பேரம் பேசி 200 குறைத்தேன் என்பதில் அன்று எனக்குப் பெருமை வேறு.

வண்டிக்கு 14 வயது. தேவிபட்டினத்தில் கருவாட்டு வியாபாரம் செய்பவனின் வண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பின் இருக்கையை மடக்கிவிட்டால் ஐந்து மூட்டை ஏறும். கண்ணாடியை எத்தனை நாள் இறக்கி வைத்தாலும் வாசனை இறங்காது. அதன் முகப்பு விளக்குகள் புரை விழுந்த கண் போல மஞ்சளித்துக் கிடந்தன. உப்புக்காற்று வேலை என்று நானும் மற்றவர்களைப் போல நினைத்திருந்தேன். யாரோ சொன்னார்கள் என்று பற்பசையைத் தடவி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. மூன்றே வாரத்தில் பழைய கோலம். இரவில் திருப்பாலைக்குடி தாண்டியதும் என் விளக்கின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நானே தேட வேண்டியிருந்தது. ஆக, குறை இருந்தது உண்மை. அந்தக் குறைக்கு நான் தேடிய மருந்துதான் கோளாறு.

பல்பு வந்த அட்டைப்பெட்டியில் 20,000 லூமென் என்று அச்சடித்திருந்தார்கள். அதன் கீழே 6,000 கெல்வின். இரண்டு எண்ணையும் படித்துவிட்டு, இரண்டுமே பலத்தின் அளவு என்று நான் எடுத்துக்கொண்டேன். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது. பழைய ஹாலஜன் பல்பு சுமார் 3,200 கெல்வின். எண் ஏற ஏற மஞ்சள் போய் வெள்ளை, பிறகு நீலம். லூமென்தான் வெளிச்சத்தின் அளவு. பெரும்பாலான பழைய கார்களில் இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பு, டிம்மில் சுமார் 1,000 லூமென்தான் தரும். அதைப் போல இருபது மடங்கு வெளிச்சம் ஒரு கட்டைவிரல் அளவுப் பொருளிலிருந்து வருகிறது என்றால் அது உருகி ஓடியிருக்க வேண்டும். ஆனால் புது விளக்கு வாங்குகிறவன் கணக்குப் போடுவதில்லை. பொருத்தியதும் கடைச் சுவரில் வெள்ளை வெளேரென்று அடித்தது, மனம் நிறைந்துவிட்டது. அக்காள் மகன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இப்போதுதான் மாமா, வண்டிக்கு ஒரு முகம் வந்திருக்கிறது" என்றான். வீட்டில் மட்டும், "முறைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது" என்றாள்.

எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பஸ்காரர், லாரிக்காரர், மொபட்டில் மீன்கூடை கட்டிவரும் ஆள் என்று ஒருவர் பாக்கியில்லை. நான் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன். பிரைட்டில் இருந்தால் டேஷ்போர்டில் நீலப் புள்ளி எரியும், அது எரியவில்லை. டிம்மில்தான் போகிறேன், இவர்களுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொள்வேன். ஒன்றிரண்டு பேருக்குப் பாடம் கற்பிக்க நானும் பிரைட்டைத் தட்டியிருக்கிறேன். கார்த்திகையில் மழை பிடித்தபோது இன்னொன்றும் நடந்தது. நனைந்த தார்ச்சாலையில் என் பால் வெள்ளை வெளிச்சம் போன இடம் தெரியவில்லை. மழைத்தாரை மட்டும் கண்ணுக்கு முன்னால் வெள்ளி நூலாகப் பளபளத்தது. சாலையும் இல்லை, ஓரக்கோடும் இல்லை. அதற்கும் மழையைத்தான் திட்டினேன்.

உப்பூருக்கு இந்தப் பக்கம்

தை மாதம். நம்புதாளையில் மீன் காயப்போடும் ஒரு வாடியில் சரக்குப் பார்க்கப் போயிருந்தேன். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். திரும்பும்போது தொண்டியில் ஏறிய பஸ் உப்பூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று பயணிகளுக்குப் புரிந்தது. மணி எட்டரை. மருமகனுக்குப் போன் போட்டுக் காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். சும்மா நிற்பானேன் என்று திருப்பாலைக்குடிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.

உப்பூர் என்றால் வெயிலுகந்த விநாயகர். தலைக்கு மேல் கூரை வேண்டாம், வெயில் என்மீது விழட்டும் என்று உட்கார்ந்திருப்பவர். அவர் ஊரை விட்டு அரைக் கிலோமீட்டர் நகர்ந்தால் இரவில் கும்மிருட்டு. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடந்தேன். எதிரே ஏதோ அசைகிற மாதிரி இருந்தது. நூறு, நூற்றைம்பது செம்மறியாடுகள், சாலை ஓரத்தை அடைத்துக்கொண்டு வந்தன. அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதற்காக இடம் மாற்றிக்கொண்டு போகிறார்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பையன்.

"அதை அணைத்துவிடுங்கள் தம்பி. ஆடு மிரளும். உங்களுக்கும் ஒன்றும் தெரியாது" என்றார் பெரியவர். அணைத்தேன். அவர் கையிலும் டார்ச் இருந்தது. பழைய மூன்று கட்டை டார்ச். ஆனால் அதன் முகத்தை விரல்களால் பொத்தியிருந்தார். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஒரு கீற்று மட்டும் கசிந்து, அவர் கால் வைக்கப்போகும் இடத்தில் விழுந்தது. விரல்களுக்குள் வெளிச்சம் செக்கச்செவேலென்று தெரிந்தது. நான் ஆடுகளை ஒட்டி ஒதுங்கி நின்றேன். சற்று நேரத்தில் கண் பழகியது. தார்ச்சாலை கொஞ்சம் வெளுப்பாக, அதன் ஓரம் கறுப்பாக, ஆட்டின் முதுகுகள் சாம்பலாக, எல்லாமே தெரிந்தன. ஒரு லாரி போனது. பழைய மஞ்சள் விளக்கு. கண் கூசியது, ஆனாலும் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. ஆடுகள் நடந்துகொண்டே இருந்தன.

அடுத்து தெற்கிலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் வந்தது. தொலைவில் வரும்போதே சாலை காணாமல் போனது. பக்கத்தில் நின்ற பெரியவர் காணாமல் போனார். கையை நெற்றிக்கு உயர்த்தினேன், கையும் தெரியவில்லை. ஆடுகள் அத்தனையும் அப்படியே நின்றுவிட்டன; திரும்பிப் பார்த்தால் நூறு ஜோடிக் கண்கள் பச்சையாக எரிந்தன. கடலில் எல்இடி விளக்கு வைத்து மீனைக் கூட்டிப் பிடிப்பதை 2017-இல் மத்திய அரசு தடை செய்தபோது எங்கள் கரையில் அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. வெளிச்சம் பட்ட மீன் ஏன் ஓடாமல் நிற்கும் என்று எனக்கு அந்த நிமிடத்தில் புரிந்தது. வண்டி எந்தப் பக்கமாக வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க முடியாமல் இடப்பக்கம் இரண்டடி வைத்தேன். ஒரு கருவேல முள் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியது. வலியில், வண்டி ஓட்டி வருகிறவனின் பரம்பரையை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவன் கண் அவிந்து போக வேண்டும் என்பது அதில் மிக மென்மையானது.

வண்டி எங்களைத் தாண்டாமல் இருபதடி முன்னால் நின்றது. கண்ணாடி இறங்கியது. "மாமா, நீங்கள்தானே? ஏறுங்கள்."

முதலில் கண்ணில் பட்டது அந்தப் புருவம்தான். அவன் பரம்பரை என் பரம்பரைதானே என்ற கணக்கு சற்றுத் தாமதமாக வந்தது. பெரியவர் கண்ணைப் பொத்தியிருந்த துண்டை இறக்கிவிட்டு, "உங்கள் வண்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "ஆடு கடக்கிற வரைக்கும் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்" என்றார். அவன் அணைத்தான். நானும் மருமகனும் வண்டிக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். நின்றிருந்த ஆடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தன. பத்து நிமிடம் குளம்புச் சத்தம். ஒன்றிரண்டு கதவில் உரசிக்கொண்டு போயின. குதிகாலில் முள் இருந்தது. மருமகன் தானாகவே சொன்னான்: "டிம்மில்தான் மாமா வந்தேன்." எனக்குத் தெரியும். நீலப் புள்ளி எரியவில்லை என்பதை ஏறும்போதே பார்த்துவிட்டேன்.

தகரக் கிண்ணம்

டிம்மில் வந்த வண்டி எப்படி அப்படி அடித்தது என்பது இரண்டு நாள் என்னை வேலை செய்ய விடவில்லை. முள்ளை எடுத்த மறுநாள், ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். முப்பது வயதுப் பையன், அதிகம் பேசமாட்டான். பட்டறைக்குப் பின்னால் இருந்த சுவரை நோக்கி வண்டியை நிறுத்தச் சொன்னான். பொழுது இறங்கியதும் டிம்மைப் போடச் சொன்னான். சுவர் முழுக்க வெளிச்சம். மேலே வேப்பமரத்தின் கிளை வரைக்கும் வெளிச்சம். "அண்ணே, இதில் டிம் எது, பிரைட் எது என்று சுவரைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு இரண்டு பல்பையும் கழற்றிவிட்டு, ஒரு பழைய எச்4 ஹாலஜன் பல்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கண்ணாடியில் விரல் படாமல் தகர அடியைப் பிடித்திருந்தான். விரலின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் சூட்டில் அந்த இடம் பழுதாகிவிடுமாம். உள்ளே இரண்டு இழைகள். ஒன்று 60 வாட், பிரைட்டுக்கு. மற்றொன்று 55 வாட், டிம்முக்கு. டிம் இழைக்குக் கீழே, நெல் உமியை விடக் கொஞ்சம் பெரியதாக ஒரு தகரக் கிண்ணம். தீக்குச்சியின் முனையைக் கண்ணாடிக்கு வெளியே அதற்கு நேராக நீட்டிக் காட்டினான். "டிம் வெளிச்சம் கீழே போகாமல் இதுதான் பிடித்துக்கொள்கிறது. அதனால் பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான குழி இருக்கிறதே, அந்த ரிப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் படும். மேல் பாதியில் பட்டது தரைக்குத் திரும்பும். கிண்ணம் இல்லாவிட்டால் கீழ்ப்பாதியிலும் பட்டு ஆகாயத்துக்குப் போகும்." கிண்ணத்தின் ஒரு விளிம்பு மட்டும் சற்றுச் சாய்வாக வெட்டியிருந்தது. இடப்பக்க ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் உயர்ந்து போவதற்காம். ஓரமாக நடந்து போகிறவர் தெரிவதற்காக.

அந்தப் பெரியவரின் விரல்கள் என் நினைவுக்கு வந்தன. சுட்டுவிரலும் நடுவிரலும். எவ்வளவு வெளிச்சம் என்பதை அவர் டார்ச்சிடம் விட்டுவிட்டார். எங்கே விழ வேண்டாம் என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் 3,200 ரூபாய் கொடுத்து அந்த விரல்களைப் பிய்த்து எறிந்துவிட்டு வந்திருக்கிறேன்.

எல்இடி என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. தொழிற்சாலையிலேயே எல்இடிக்கு என்று செய்யப்பட்ட விளக்கில், அதன் ரிப்ளெக்டரோ லென்ஸோ வெளிச்சம் தரும் எல்இடிச் சில்லு இருக்கும் இடத்துக்குத் தக்கபடி வடிவமைக்கப்பட்டிருக்கும். சுவரில் அடித்தால் கத்தியால் வெட்டியது போலக் கோடு விழும். ஹாலஜன் ரிப்ளெக்டரோ, மெல்லிய இழை இருக்கும் புள்ளியை வைத்து வார்க்கப்பட்டது. அந்தப் புள்ளியில் வேறு அளவுள்ள, வேறு பக்கம் பார்க்கிற சில்லுகளைக் கொண்டுபோய் வைத்தால் கணக்கு முழுவதும் கலைந்துவிடுகிறது. எனக்கு முன்னால் பத்தடியில் பிரகாசமாக இருந்ததால் நன்றாகத் தெரிகிறது என்று நானே நம்பிவிட்டேன். அந்தப் பிரகாசத்துக்குக் கண் சுருங்கிவிடுவதால் தூரத்தில் தெரிய வேண்டியது இன்னும் மங்கியிருக்கிறது.

அப்படியானால் என் பழைய பல்பு ஏன் மங்கலாக எரிந்தது? அதற்கும் பையன் மீட்டரை எடுத்து வந்தான். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பல்பின் முனையில் 12.1. நடுவில் உள்ள வயரைப் பிரித்துப் பார்த்தால், எர்த் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நான் கண்ணாடியின் மஞ்சளுக்கு உப்புக்காற்றைப் பழித்துக்கொண்டிருந்தேன். மஞ்சளுக்கு வெயில்தான் முக்கியக் காரணம், உப்பு உட்கார்ந்திருந்த இடம் இது. இழை பல்புக்கு ஒரு குணம் உண்டு: மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறைந்துவிடும். என் வண்டியில் போனது அதற்கும் மேல். களிம்பைச் சுரண்டி, புது எர்த் போட்டு, ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தான். புது ஹாலஜன் பல்பு இரண்டும் சேர்த்து 500 ரூபாய்க்குள்.

கண்ணாடிக்கு மட்டும் ஒரு மதியம் பிடித்தது. 800, 1500, 2000 என்று ஒன்றன்பின் ஒன்றாக உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். முதல் தேய்ப்பில் மோர் போல மஞ்சள் கலந்த வெள்ளை வழிந்தது. விளக்கு முற்றிலும் குருடாகிவிட்டது போல இருந்தது. எனக்குப் பகீரென்றது. கடைசியில் பாலிஷ் போட்டு, அதன் மேல் வெயில் தாங்கும் கிளியர் கோட் அடித்தான். அந்தக் கடைசிப் பூச்சு இல்லாமல்தான் என் பற்பசை வைத்தியம் மூன்று வாரத்தில் தோற்றது. அந்தத் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தவர் எங்கள் பக்கம் வந்திருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார்.

எட்டு மீட்டர்

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, விளக்குக்கு வலப்புறம் அரை மீட்டரில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால் அது கூசக் கூடாது. ஒளிக்கற்றை அப்படி நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஆட்டின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. நடைமுறையில் நமக்குத் தெரிந்ததெல்லாம், அவ்வப்போது வண்டிகளை நிறுத்தி விளக்கின் நடுவில் ஒட்டப்படும் கறுப்பு ஸ்டிக்கர்தான். என்னைக் கேட்டால் அது திருஷ்டிப் பொட்டு. சாய்வு சரியில்லாத விளக்கில் நடுவில் பொட்டு வைத்தாலும் சுற்றியுள்ள ரிப்ளெக்டர் தன் பாட்டுக்கு ஆகாயத்தில் அடித்துக்கொண்டிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டுகிற அந்த நேரத்தில் ஒரு சுவரில் அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அந்தச் சுவர்ச் சோதனையை நானும் ஒரு முறை செய்தேன். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்புக் கோடு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்று பையன் சொல்லியிருந்தான். பள்ளிக்கூட மதிலில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு நிறுத்தினேன், சரியாக இருந்தது. பிறகு ஏதோ தோன்றி ஐந்து மூட்டைக் கருவாட்டை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். பின்பக்கம் அமுங்க, மூக்கு தூக்க, கோடு சுண்ணக்கட்டிக் கோட்டுக்கு மேல் ஒரு சாண் ஏறிவிட்டது. இத்தனை வருடம் மாலைதோறும் நான் ராமநாதபுரத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனது இந்த மூக்கோடுதான். ஸ்டீயரிங்குக்கு வலப்புறம், 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சிறு உருளை இருக்கிறதே, விளக்கைத் தாழ்த்துவதற்கு உள்ளது, அதை 14 வருடத்தில் முதல்முறையாக அன்றுதான் சுழற்றினேன். உள்ளே தூசி அடைத்து, கரகரவென்று திரும்பியது. 2-இல் வைத்ததும் கோடு இறங்கி வந்தது.

என் சித்தப்பா கடலுக்குப் போனவர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். போட்டில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு; இரண்டாலும் போட்டில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, எதிரே வருகிறவன் நம்மைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும்தான். "கரைக்கு வந்ததும் எப்படி அதை மறந்துவிடுகிறீர்கள்?" என்று கேட்டார். 2017 ஏப்ரலிலிருந்து புது மோட்டார் சைக்கிள்களில் பகலிலும் விளக்கு எரிகிறதே, அதுவும் அதே கணக்குத்தான் என்றேன். அதற்கு அவர், "பகலில் எரிவது சரி, இரவில் அணைத்துத் தொலையுங்கள்" என்றார். அவருக்கு வயது 78. கூசிய கண் தெளிய அந்த வயதில் அதிக நேரம் பிடிக்கும் என்பதால் இரவில் சாலையைக் கடப்பதையே அவர் விட்டுவிட்டார்.

குரோம் வளையம் இன்னும் வண்டியில் இருக்கிறது. கழற்றினால் பெயிண்டும் சேர்ந்து வரும் என்று பயம். நாலே மாதத்தில் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக உரிந்துவிட்டது. புருவத்தில் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது. மற்றதை நான் பிய்த்துவிட்டேன். பால் வெள்ளைப் பல்புகள் கடை மேசையின் இழுப்பறையில், எடைக்கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. சும்மாதானே கிடக்கிறது என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் 1,000 ரூபாய் வரை ஏறினார். அவர் வண்டி நான் தினமும் எதிர்கொள்கிற வண்டி. நேற்றும் வந்து கேட்டார். இழுப்பறைச் சாவி வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.